வீட்டைப் பார்த்துக் களை எடுத்தவர்

களை எடுக்கிறவர் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார்? களை இருக்கிற பக்கம், இதென்ன கேள்வி என்றுதான் நானும் சொல்லியிருப்பேன், காரைக்காலில் எங்கள் வீட்டுக்காரம்மாவைப் பார்க்காமல் இருந்திருந்தால். அவர் எந்நேரமும் வீட்டைப் பார்த்துத்தான் உட்காருவார். கேட்டிலிருந்து வாசற்படி வரை செங்கல் பாவிய நடை. அதன் நடுவில் ஒரு மணைக்கட்டை, பக்கத்தில் நசுங்கிய ஈயச்சட்டி, கையில் முனை தேய்ந்த பழைய காய்கறிக் கத்தி. முதுகு தெருவுக்கு, முகம் ஜன்னலுக்கு. பின்னால் கேட் திறக்கும் சத்தம் கேட்டால் திரும்பாமலே "யாரு?" என்பார். பதில் வந்த பிறகுதான் கத்தி நகரும்.

நாங்கள் வீடு கேட்டுப் போன அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். எண்பதுகளின் தொடக்கம். இவருக்கு, என் கணவருக்கு, வேளாண்மைத் துறையில் வேலை. புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்திருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, ஆனால் வாய் மட்டும் பத்து வருஷக் குடும்பக்காரி வாய். அந்த அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவர் தோளில் தொங்கிய பையைக் கத்தியால் காட்டி, அதில் என்ன என்றார். இந்த மனுஷனுக்குத்தான் எதை எங்கே சொல்வது என்று தெரியாதே. பெருமையாகப் பையைத் திறந்து, தண்டுத் துளைப்பான் பூச்சிக்கு இது, புகையான் பூச்சிக்கு இது என்று மாதிரி மருந்துப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். வீடு இல்லை, கிளம்புங்கள் என்றார்.

ஊரில் வேறு வீடு கிடைக்காமல் இரண்டு நாள் அலைந்துவிட்டு மறுபடி அவரிடமே போய் நின்றோம். இந்த முறை பை இல்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெயிலில் அலைந்து கறுத்துப்போயிருந்தேன், அதனால் இரங்கினாரோ என்னவோ.

"இந்தக் கேட்டுக்குள்ள மருந்து வரக்கூடாது தம்பி. பயிருக்கோ, புல்லுக்கோ, எலிக்கோ, எதுக்கும். வந்துச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே நீங்க பொட்டியக் கட்டிடணும்."

இவர் சரி என்று தலையை ஆட்டினார். வீட்டில் ஒரு பாதி எங்களுக்கு, மறுபாதி அவர்களுக்கு. கடைத்தெருவில் பழக்கமான உரக்கடை ஒன்றில் பாட்டில்களை வைத்துவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கு வருவது என்று ஏற்பாடு. எனக்கா, எரிச்சலாக வந்தது. மருந்து அடிக்கச் சொல்லிக் கொடுக்கிறவன் வீட்டுக்கு மருந்து வரக்கூடாது என்றால் இது என்ன நியாயம் என்று அன்றைக்கு முழுக்க முணுமுணுத்தேன்.

நாலாம் நாள், பால் ஊற்ற வந்த நெரவிக்காரப் பெண் காரணத்தைச் சொன்னாள். வீட்டுக்காரம்மாவுக்குக் கணவர் இல்லை, ஒரே மகள், தமயந்தி. என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். சுரக்குடி கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமான இரண்டாம் வருஷம், பயிருக்கு அடிக்க அந்த வீட்டில் வாங்கி வைத்திருந்ததைக் குடித்துவிட்டாள். யாரோ பார்த்து வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பிழைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா நேரே இங்கே அழைத்து வந்துவிட்டார், திருப்பி அனுப்பவில்லை. சுரக்குடியில் என்ன நடந்தது என்பதற்குப் பால்காரப் பெண்ணிடம் நாலு கதை இருந்தது. நாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தமயந்தி எதையும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அந்த அம்மாவுக்கு உலகத்தில் ஒரே வேலைதான். அது இன்னொரு தடவை நடக்கக் கூடாது. வீட்டுக்குப் பின்புறம் கிணறும் உயரமான மதிலும். உள்ளே வர, வெளியே போக அந்தச் செங்கல் நடை ஒன்றுதான் வழி. அந்த வழியில் உட்கார்ந்துகொண்டார். சும்மா உட்கார்ந்திருந்தால் மகளுக்குக் காவல் இருக்கிறார் என்று தெரு பேசும். கையில் கத்தி இருந்தால் களை எடுக்கிறார் என்றுதானே பேசும்.

காரணம் தெரிந்ததும் என் எரிச்சல் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். போகவில்லை. நாங்கள் கொண்டுவந்த கட்டிலில் மூட்டைப்பூச்சி. ஒரு பொட்டலம் மருந்தில் தீர்கிற காரியம். வாங்கிக்கொண்டு கேட்டைத் திறந்தேன், அவ்வளவுதான், மூக்கை உறிஞ்சிக் கையை நீட்டிவிட்டார். பொட்டலம் வந்த வழியே கடைக்குத் திரும்பிப் போயிற்று. பிறகு அவரே ஒரு அண்டா வெந்நீர் போட்டு, கட்டிலை வாசலுக்கு இழுத்துவந்து, சந்து சந்தாக ஊற்றினார். அரை நாள் வேலை. பத்து நாளில் மூட்டைப்பூச்சி திரும்பி வந்தது. அவரும் அண்டாவோடு திரும்பி வந்தார். எலிக்குப் பொறிதான். பினாயில் கிடையாது, கக்கூஸ் கழுவச் சாம்பலும் சுண்ணாம்பும். என் மண்ணெண்ணெய் டின் அவர் அறையில் பூட்டியிருக்கும். ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போய் தினமும் ரேஷன் கடையில் நிற்பதுபோல் நிற்பேன், வாய்க்குள் வைதுகொண்டே.

ஆனால் களை விஷயத்தில் அவரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. செங்கல் சந்தில் முளைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். குப்பைமேனி, அம்மான் பச்சரிசி இதெல்லாம் சாதுக்கள். மழை பெய்த மறுநாள் ஈரத்தோடு இழுத்தால் வேரோடு வந்துவிடும். காய்ந்த நாளில் இழுத்தால் தலைதான் கையில் வரும். எதையும் பூப்பதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். அருகம்புல்லுக்குக் கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சி. என் வீட்டுக் கஞ்சியும் அவருக்குத்தான். சோறு வடித்த கையோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், ஆறிப்போனால் திட்டு விழும். மூன்று நாள் விடாமல் ஊற்றினால் புல் வெந்து வெளுத்துவிடும். கோரைக்கு மட்டும் கஞ்சி பலிக்காது, கிழங்கு அடியில் உட்கார்ந்திருக்கும். அதற்குச் செங்கல்லையே பெயர்த்து, கிழங்கைத் தோண்டி எடுத்து, ஆற்று மணலும் சுண்ணாம்பும் போட்டு இறுக்கி, கல்லை மறுபடி உட்கார வைப்பார். ரொம்ப மண்டிய இடத்தைக் கோணிச்சாக்கால் மூடி, மேலே கல் வைத்து, வெளிச்சமே படாமல் ஒரு மாதம் போட்டுவிடுவார்.

கடற்கரைப் பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண் ஒருத்தி, கருவாட்டுக்கு உப்பு ஊறவைத்த தண்ணியை ஊற்றிப் பாருங்க, ஒரு புல் தலை காட்டாது என்று சொல்லி ஒரு குடம் கொண்டுவந்தும் கொடுத்தாள். ஊற்றினார். புல் செத்தது. நடையை ஒட்டி நின்ற முருங்கையும் செத்தது. தெருப் பூனை மொத்தமும் ஒரு வாரம் எங்கள் வாசலில் குடியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறதோ என்று ஒரு மாதம் நாக்கில் வைத்து வைத்துப் பார்த்தார். இனி இந்த வாசலில் உப்பு கிடையாது என்று அதோடு முடித்துவிட்டார்.

இவ்வளவு வைத்தியத்துக்கும் நடையில் புல் ஒழிந்ததா என்றால், ஒழியவில்லை. ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் தண்ணி கொண்டா என்று மகளுக்குக் குரல் கொடுப்பார். ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருக்கும் தமயந்தி எழுந்து செம்பில் கொண்டுவருவாள். ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைப் பக்கத்துச் செங்கல் சந்தில் ஊற்றிவிடுவார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு செம்பு. சித்திரை வெயிலில் தெருவே கருகிக் கிடக்கும்போது எங்கள் நடை மட்டும் பச்சென்று இருக்கும். காலையில் நீங்கள் எடுக்கிற களைக்குச் சாயங்காலம் நீங்களே தண்ணீர் பாய்ச்சுகிறீர்களே அத்தை என்று ஒரு நாள் கேலி செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு எதுக்குத் தண்ணி? அவ எந்திரிச்சு நடந்து வர்றதப் பாக்கணும் பொண்ணு" என்றார்.

அப்புறம் அதைப் பற்றி நான் கேலி பேசியதில்லை. மகளின் அறைக்கதவில் தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தார். தமயந்தி கிணற்றடியில் குளிக்கும்போது வாளிச் சத்தம் நிற்கக் கூடாது. நின்றால் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடுவார். அவள் தெரிந்தே வாளியை உருட்டிக்கொண்டிருப்பாள், பாவம். அவள் இருந்த நிலையில் நான் இருந்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

வருஷத்துக்கு இரண்டு தடவை சுரக்குடியிலிருந்து மாப்பிள்ளையின் அக்கா வருவாள், பூவும் பழமுமாக. தம்பி தனியாகக் கஷ்டப்படுகிறான், தமயந்தியை அனுப்பிவையுங்கள் என்பாள். வீட்டுக்காரம்மா மணையை விட்டு எழ மாட்டார். வந்தவளின் பையை நடையிலேயே திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, இந்தப் புல்லெல்லாம் எடுத்து முடிந்ததும் அனுப்புகிறேன் என்பார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போவாள். அடுத்த தடவை வந்து, முடிந்ததா என்று கேட்பாள். எங்கே முடிகிறது என்று அந்த அம்மா ஒரு கொத்தைப் பிடுங்கிக் காட்டுவார். முடியாது என்று நேராகச் சொல்ல அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் அம்மாவுக்கு வாய் கிடையாது. பெண்ணை வைத்துக்கொண்டு வாழவிடாமல் செய்கிறாள் என்று சொந்தமே காறித் துப்பும். ஆகவே புல்லைச் சொன்னார்.

இரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் அவர் முழங்கால் இரண்டும் வீங்கிக்கொண்டன. விரலிடுக்கில் சேற்றுப்புண். மணையிலிருந்து எழ ஒரு கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து, அப்படியே பாதியில் நின்றுவிடுவார். பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை தாயும் மகளும் திருநள்ளாற்றுக்கு விளக்குப் போடப் போனார்கள். அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது.

களைக்கொல்லி என்ற பேரே அப்போது எங்களுக்குப் புதுசு. ஒரு தடவை அடித்தால் ஒரு மாதம் புல் தலைதூக்காது என்று இவர்தான் சொல்லியிருந்தார். அதை நடையில் அடித்துவிடலாம் என்றேன். இவர் முடியவே முடியாது என்றார். நான் விடவில்லை. அந்த அம்மாவின் முழங்காலுக்கு ஓய்வு கிடைக்கட்டுமே, பாட்டில் வீட்டுக்கு வர வேண்டாம், கடையிலேயே கலந்து தெளிப்பானில் கொண்டுவந்து அடித்துவிட்டு உடனே திருப்பிக் கொண்டுபோனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று வக்கீல் மாதிரி பேசினேன். கொடுத்த வாக்கில் ஓட்டை தேடினேன். அதற்கு நல்லது செய்கிறேன் என்று பேர் வேறு வைத்துக்கொண்டேன்.

அப்படியே அடித்தும் விட்டோம். மத்தியானம் திரும்பி வந்த அந்த அம்மா, வாடை மூக்கில் ஏறியதும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. எங்கள் வாசலுக்கு வந்து, மிச்சம் எங்கே என்று மட்டும் கேட்டார். மிச்சம் இல்லை, எல்லாம் கடைக்குப் போய்விட்டது என்று இவர் சொன்னார். அவர் நம்பவில்லை. அரிசிப் பானைக்குள் கை விட்டுப் பார்த்தார், மெத்தையைத் தூக்கிப் பார்த்தார், பரண்மேல் ஏற முடியாமல் என்னை ஏறச் சொல்லி ஒவ்வொரு பாத்திரமாக இறக்கிப் பார்த்தார். பெட்டியைக் கட்டச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அதைச் சொல்லக்கூட அவருக்கு நினைவில்லை.

நாலாம் நாள் புல் மொத்தமும் கருகிவிட்டது. பெருக்கித் தள்ளியதும் வெறும் செங்கல்தான் மிச்சம். அவர் வழக்கம்போல் மணையைப் போட்டு உட்கார்ந்தார். கத்தியை எடுத்து, ஒன்றுமே இல்லாத சந்தைச் சுரண்டினார். செங்கல் பொடி வந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். களை எடுக்கிறார் என்று இனி யாரும் சொல்ல முடியாது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

போதாததற்குத் தீபாவளி நெருங்கியதால் அந்த வாரமே மாப்பிள்ளையின் அக்கா வந்துவிட்டாள். நடையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள்.

"அதான் புல்லு ஒண்ணுகூட இல்லியே அத்தை. இனிமே என்ன, அனுப்பிவைங்க."

பிடுங்கிக் காட்ட ஒரு கொத்தாவது கிடைக்குமா என்று அந்த அம்மா கத்தியால் சந்தைத் துழாவினார். ஒன்றும் வரவில்லை. நான் எங்கள் வாசற்படியில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பேச்சே தொழிலாக இருந்தவள். அப்போது தமயந்தி உள்ளேயிருந்து படிக்கு வந்தாள். தொண்டை கட்டியதுபோல் ஒரு குரல் அவளுக்கு, அந்த ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு அப்படித்தான்.

"நான் வரல அண்ணி. புல்லு மொளச்சாலும் வரல, மொளைக்காட்டியும் வரல. அம்மாவக் கேக்காதீங்க, இனிமே என்னயக் கேளுங்க."

வந்தவள் பூப்பையைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். அன்று மத்தியானம், அம்மா கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில், தமயந்தி என் சமையலறைக்கு வந்தாள். எங்கேயாவது ஒரு வேலை பார்த்துத் தரச் சொன்னாள். நான் சாகப் போறதில்ல என்றாள், அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து. அது அன்றைக்கு ஒரு நாளோடு போன விஷயம் என்றாள். "ஆனா எங்கம்மா வெறுங்கல்லச் சுரண்டுறத இன்னும் எத்தன நாளைக்கிப் பாத்துக்கிட்டு இருப்பேன்? அதப் பாத்தாத்தான் பயமா இருக்கு எனக்கு."

பத்தாவது வரை படித்தவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இவர் பத்துப் பதினைந்து இடத்தில் கேட்டுப் பார்த்தார். ஒரே ஒரு இடத்தில்தான் ஆள் தேவைப்பட்டது. இவர் பாட்டில் வைக்கும் அதே உரக்கடை. பில் எழுதிக்கொண்டிருந்த பையன் துபாய் போய்விட்டான். இதை அந்தப் பெண்ணிடம் சொல்லித் தொலைக்காதே என்று இவர் என்னை எச்சரித்தார். இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். அவள் உடனே சரி என்றாள்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகிற முதல் நாள். மணை நடு நடையில் கிடந்தது, அதில் அவர். சுற்றிக்கொண்டு போக இடம் இருந்தது. தமயந்தி சுற்றிப் போகவில்லை; குடையோடு அம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

"ஒனக்கு வேற எடமே கெடைக்கலயா?"

"கெடைக்கலம்மா."

"அந்தக் கடையில அதுதானேடி அடுக்கடுக்கா இருக்கு."

"இருக்கு. சுரக்குடியில எல்லா வீட்டுக் கூரை எறவாணத்துலயும் இருக்கு. நெரவியில இருக்கு. நான் வேணும்னு நெனச்சா எங்கயும் கெடைக்கும். வேணாம்னு நெனச்சாத்தான் உண்டு. நீ உக்காந்து அத நிறுத்த முடியாதும்மா."

கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, வீங்கின காலோடு மணையை ஒரு முழம் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். தமயந்தி போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, உட்கார்ந்த திசையை மாற்றி, கேட்டைப் பார்த்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் வீட்டைப் பார்த்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

வேலைக்கு அனுப்பிவிட்டதால் அவர் நிம்மதியாகிவிட்டார் என்று நினைத்தால் தப்பு. அந்தக் கடையின் வாடை பொல்லாதது, புடவையில் ஒட்டினால் போகாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அன்று மகள்மேல் அடித்த அதே வாடை இப்போது தினம் இரண்டு தடவை கேட்டைத் திறந்துகொண்டு வந்தது, மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாவின் முகம் வெளுக்கும். நடையிலேயே மகளை நிறுத்தி, இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்து, ஊது என்பார். இருபத்தாறு இருபத்தேழு வயதுப் பெண், தெருவே பார்க்க, அம்மா மூக்கில் ஊதுவாள். பிறகுதான் கிணற்றடிக்குப் போகலாம். நான் அந்த நேரம் பார்த்து உள்ளே போய்விடுவேன். என்னால் அதைப் பார்க்க முடியாது.

அவர் இளைத்துக்கொண்டே போனார். கார்த்திகை மழையில் புல் திரும்ப முளைத்தது. எனக்கு அத்தனை சந்தோஷம், ஓடிப்போய் அவரிடம் காட்டினேன். அவர் ஒரு கொத்தைப் பிடுங்கிச் சட்டியில் போட்டுவிட்டு, நான் அவளை விட்டது தப்போ என்று கேட்டார். தப்பில்லை அத்தை என்று சொல்ல வேண்டியதுதானே. சட்டியைத் தூக்கிக் கொட்டப் போய்விட்டேன். யார் கண்டது?

மார்கழியில் ஒரு நாள், ஒரு மணிக்குச் சாப்பிட வருகிறவள் வரவில்லை. ஒன்றரை ஆயிற்று. பயிருக்கு மருந்து வாங்குகிற காலம், கடையில் கூட்டமாக இருக்கும் என்றேன். இரண்டு மணி ஆயிற்று. வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வா என்று என்னைக் கூப்பிட்டார். அந்தக் கடை இருந்த பக்கம்கூட அவர் அதுவரை போனதில்லை. காலில் செருப்பில்லை. கத்தி கையிலேயே இருந்தது, தெருமுனையில்தான் பார்த்து வாங்கினேன். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் நடந்த நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. இந்த வேலையைச் சொன்னது யார்? நான். புல்லைக் கருக வைத்தது யார்? அதுவும் நான். கடவுளே, இந்த ஒரு தடவை காப்பாற்று, இனி என் வாயைத் தைத்துக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டே ஓடினேன்.

கடையில் முதலாளி இல்லை, சாப்பிடப் போயிருந்தார். கூட்டமும் இல்லை. உள்ளே யூரியா மூட்டைமேல் தமயந்தி உட்கார்ந்திருந்தாள். முழுசாக, நன்றாக. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. அவளுக்குப் பக்கத்து மூட்டையில் இன்னொரு பெண், இருபது வயதுகூட இருக்காது. கல்யாணத்துக்குப் போகிறதுபோல் நல்ல புடவை. மடியில் ஒரு துணிப்பை, அதன் காதைத் தமயந்தி தன் விரலில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

தமயந்தி எழுந்து வரவில்லை. உட்கார்ந்தபடியே தாழ்ந்த குரலில் அம்மாவிடம் சொன்னாள்.

"பன்னெண்டு மணிக்கு வந்துச்சும்மா, மருந்து வேணும்னு. என்ன பூச்சின்னு கேட்டேன், தெரியலங்குது. எத்தன மா நெலம்னேன், அதுவும் தெரியல. எந்தப் பாட்டிலா இருந்தாலும் சரிங்குது. மூட்ட தூக்குறவருக்கு அதோட அண்ணனத் தெரியுமாம், கூட்டியார சைக்கிள்ள அனுப்பிருக்கேன். நான் எந்திரிச்சு வந்தன்னா இது அடுத்த கடைக்கிப் போயிடும்."

வீட்டுக்காரம்மா மகளின் முகத்தைப் பார்த்தார். ஊது என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார். அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் அலமாரி நிறைய பாட்டில், அந்த வாடை, நடுவில் அந்த அம்மா வெறுங்காலோடு. பிறகு என் தோளைப் பிடித்து, மெல்லக் காலை மடக்கி, அந்தப் பெண்ணின் மறுபக்கம் மூட்டையில் உட்கார்ந்தார். அதன் மணிக்கட்டைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு கையால் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார். மீன் குழம்பு மூடி வைத்திருப்பதாகவும், போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும்படியும் சொன்னார்.

தமயந்தி சாவியை வாங்கிக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அந்த வீட்டில் அவளை ஒரு நாழிகை தனியாக விட்டதில்லை. நான் கூடப் போகிறேன் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"நீ எங்க போற? அவ போயிட்டு வருவா."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். அவர் தெருப் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணிடம் எந்த ஊர் என்று கேட்டார். அது வாயைத் திறக்கவில்லை. மறுபடி கேட்டார். அதற்கும் இல்லை.

"சரி, இப்ப சொல்ல வேணாம்" என்றார் அவர். "நான் இஞ்சதான் உக்காந்திருப்பேன்."